அழகிய ஊற்று: ஷோன்புருன் அரண்மனையும் பூங்காவும்

தோட்டம் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் தோன்றும் காட்சி ஒன்றே. நிரை நிரையாய் நிற்கும் இரப்பர் மரங்களும் செம்பனைகளும், இருள் விலகுமுன் கூடும் பிரட்டும், வரிசையாய் அமைந்த லயன் வீடுகளும் நம் கண்முன் வந்து நிற்கும். ஐரோப்பாவின் மன்னர்களும் ஒரு காலத்தில் பெருந்தோட்டங்களை அமைத்தனர். அங்கும் மரங்களை நூல் பிடித்தாற்போல் நிரை நிரையாகவே நட்டனர். ஆயினும் அம்மரங்களில் பால் எடுக்கவோ குலை வெட்டவோ எவரும் எண்ணியதில்லை. கண்ணுக்கு விருந்தாகவும் மன்னரின் பெருமைக்குச் சான்றாகவும் நிற்பதே அவற்றின் தொழில். ஆகவே, வாசகர்களுக்குக் குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் தோட்டம் என்னாது பூங்கா என்றே எழுதுகிறோம்.

அத்தகைய அரண்மனைப் பூங்காக்களுள் உலகப் புகழ் பெற்றது ஷோன்புருன். இஃது ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவின் மேற்குப் பகுதியில் உள்ளது. ஜெர்மானிய மொழியில் ஷோன் என்றால் அழகிய என்றும், புருன் என்றால் ஊற்று என்றும் பொருள்படும். 1569ஆம் ஆண்டில் ஹாப்ஸ்பர்க் மரபைச் சேர்ந்த பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியன் இவ்விடத்தை விலைக்கு வாங்கினார். அந்நாளில் இங்கு ஓர் ஆலையும் மாளிகையும் காடுமே இருந்தன. பின்னாளில் மத்தியாஸ் என்னும் பேரரசர் 1612ஆம் ஆண்டில் வேட்டைக்கு வந்தபோது தெளிந்த நீரூற்று ஒன்றைக் கண்டு வியந்து, அதனை அழகிய ஊற்று என்றழைத்தார் என்று கூறுவர். ஊற்றின் பெயரே 1642ஆம் ஆண்டு முதல் ஆவணங்களில் அவ்விடத்தின் பெயராக இடம்பெறலாயிற்று.

இவ்வரண்மனை பரோக் பாணியில் எழுந்தது. பரோக் என்பது யாது? பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்றிருந்த கலைப்பாணி அது. வளைவுகளும், பொன் முலாம் பூசிய வேலைப்பாடுகளும், கூரையின் உட்புறத்தில் வானமே திறந்து தேவர்கள் இறங்கி வருவது போன்ற ஓவியங்களும் அதன் அடையாளங்கள். காண்போர் மலைத்து நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டடத்தோடு அப்பாணி நின்றுவிடுவதில்லை. அரண்மனையின் நடுவாயிலிலிருந்து ஒரு கோடு இழுத்தால், அக்கோடு பூங்காவின் நடுப்பாதையாக ஓடி, தொலைவிலுள்ள குன்றின் உச்சியைத் தொடும். மரமும் நீரும் மலரும்கூட மன்னரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நிற்கின்றன என்று சொல்லாமற் சொல்லும் அமைப்பு அது.

1683ஆம் ஆண்டில் உதுமானியத் துருக்கியப் படைகள் வியன்னாவை முற்றுகையிட்டன. அப்போரில் இங்கிருந்த பழைய மாளிகை பாழாயிற்று. முற்றுகை முறியடிக்கப்பட்டபின், பிஷர் வான் எர்லாக் என்னும் கட்டடக் கலைஞர் புதிய அரண்மனைக்கு வரைபடம் ஒன்றைத் தீட்டினார். குன்றின் உச்சியிலேயே அரண்மனை, அதன் அடியில் படிப்படியாய் இறங்கும் நீர்த்தடாகங்கள் என்று அமைந்த அத்திட்டம், பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனையையும் விஞ்சக்கூடியது. ஆனால் அது தாளில் மட்டுமே எழுந்த அரண்மனையாய் நின்றுவிட்டது. அதனினும் சிறியதான வேறொரு திட்டப்படி 1696ஆம் ஆண்டில் குன்றின் அடியில் வேலை தொடங்கிற்று. அதுவும் முழுமை பெறுமுன் மன்னர் மறைந்தார். பாதியில் நின்ற அக்கட்டடம் பல்லாண்டுகள் கைம்பெண் அரசியின் இருப்பிடமாகவும் வேட்டை மாளிகையாகவும் கழிந்தது.

இன்று நாம் காணும் ஷோன்புருனுக்கு உயிர் தந்தவர் ஒரு பெண்மணி. அவரே மரியா தெரேசா. 1740ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அவர். பெண்ணொருத்தி ஆள்வதா என்று அண்டை நாட்டார் படையெடுத்து வந்தனர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1743ஆம் ஆண்டு முதல், பக்காசி என்னும் கலைஞரைக் கொண்டு இம்மாளிகையைத் தம் குடும்பம் வாழத்தக்க கோடை அரண்மனையாக மாற்றத் தொடங்கினார். குடும்பமோ சிறிதன்று. அவர் ஈன்ற மக்கள் பதினாறு பேர். அவர்களுள் பெரியவர்களாய் வளர்ந்தோர் பதின்மரே.

அரண்மனையில் உள்ள அறைகள் மொத்தம் 1,441. நாற்பது அறைகள் மட்டுமே பார்வையாளர்க்குக் காட்டப்படுகின்றன. அதுவே போதும், அதற்குமேல் கால்கள் கெஞ்சும். பேரவைக் கூடம் நாற்பது மீட்டருக்கு மேல் நீளமுடையது. வெள்ளைச் சுவர்களில் பொன் வேலைப்பாடும், எதிரெதிரே ஆடிகளும், மேற்கூரையில் இத்தாலிய ஓவியர் குலியெல்மி தீட்டிய ஓவியங்களும் கொண்டது. 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் வியன்னாவில் சந்தித்தபோது, அவர்களுக்கு அரசு விருந்தளிக்கப்பட்ட இடமும் இவ்வரண்மனையே.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது மில்லியன் அறை என்னும் சிறிய அறை. அதற்கான செலவு மிகுதியென்பதால் அப்பெயர் வந்தது. விலையுயர்ந்த மரப்பலகைகளால் ஆன அதன் சுவர்களில், இந்தியாவிலிருந்து சென்ற சிற்றோவியங்கள் பதிக்கப்பட்டுள்ளன. மொகலாய மன்னர்களின் அவையும் வேட்டையும் அந்தப்புரமும் அவற்றில் காட்சி தருகின்றன. ஆனால் ஒரு குறை. அரச குடும்பத்தார் அவ்வோவியங்களைக் கத்தரித்து, ஒன்றோடொன்று ஒட்டி, தம் விருப்பம்போல் புதிய படங்களாக்கிச் சட்டமிட்டனர். இந்திய ஓவியன் ஒருவன் கண் நோகத் தீட்டியதைக் கத்தரிக்கோல் கொண்டு வெட்ட எப்படித்தான் மனம் வந்ததோ!

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. அறைகள் பலவற்றின் மூலையில் உயரமான வெண்ணிறப் பீங்கான் அடுப்புகள் நிற்கின்றன. ஆஸ்திரியாவின் குளிர் கடுமையானது. அவ்வடுப்புகளுக்கு அறைக்குள்ளே வாயில் கிடையாது. சுவருக்குப் பின்னால் குறுகிய நடைவழிகள் உண்டு. பணியாளர்கள் அவ்வழியே விறகைச் சுமந்து சென்று, பின்புறமிருந்தே தீ மூட்டினர். அரச குடும்பத்தார்க்கு வெப்பம் வரும். விறகு சுமப்போரின் முகம் கண்ணில் படாது. பொன் முலாம் பூசிய சுவரைப் பார்த்து மகிழும்போது, அதற்கு அப்பால் இருட்டில் நடந்தவர்களையும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

1762ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வரண்மனைக்கு வந்து பேரரசியார் முன்னிலையில் இசைக்கருவி வாசித்தான். வாசித்து முடித்ததும் அச்சமேதுமின்றித் துள்ளிக் குதித்துப் பேரரசியாரின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான் என்று அவன் தந்தையார் எழுதிய மடல் கூறுகிறது. அச்சிறுவனே பின்னாளில் உலகமே போற்றும் இசைமேதையான மோசார்ட்.

அரண்மனையின் மதில் பகைவரைத் தடுக்கலாம், நோயைத் தடுக்குமா? அந்நாளில் பெரியம்மை அரசன், ஆண்டி என்று பாராமல் வாரிக்கொண்டு சென்றது. மரியா தெரேசாவின் மக்கள் சிலர் அதற்குப் பலியாயினர். 1767ஆம் ஆண்டில் பேரரசியாரையும் அது பற்றிச் சாவின் வாயில்வரை கொண்டு சென்றது. அவர் பிழைத்தெழுந்தார்; ஆனால் அதே ஆண்டில் மகள் ஒருத்தியை இழந்தார். மறு ஆண்டில் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவரை வரவழைத்து, எஞ்சிய தம் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்தச் செய்தார். அக்கால முறைப்படி, அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்ததையே பிறர் உடலில் செலுத்துவர். அதில் ஆபத்தும் இருந்தது, மக்கள் அஞ்சினர். முதலில் அம்மைப்பால் குத்திக்கொண்ட 65 குழந்தைகளுக்கு ஷோன்புருனில் விருந்து வைத்து, பேரரசியாரே தம் கையால் பரிமாறினார். அம்மருத்துவரின் பெயரை மாணவர்கள் அறிவியல் பாடத்திலும் காணலாம். பசுந்தாவரங்கள் சூரிய ஒளியில்தான் உயிர்வளியை வெளியிடுகின்றன என்பதை 1779ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே.

இனிப் பூங்காவுக்குச் செல்வோம். ஏறக்குறைய 400 ஏக்கர் பரப்புடையது அது. அரண்மனையின் பின்புறம் கால் வைத்ததும், கம்பளம் விரித்தாற்போல் மலர்ப்பாத்திகள் பரந்து கிடக்கின்றன. இருபுறமும் வெட்டிச் சீர் செய்த மரச்சுவர்கள். அவற்றின் முன் 32 பளிங்குச் சிலைகள். அப்பால் குன்றின் அடிவாரத்தில், கடல் தெய்வமாகிய நெப்டியூனின் பெருநீரூற்று. 1780ஆம் ஆண்டில் அது நிறைவுற்றது. அதே ஆண்டு நவம்பரில் பேரரசியார் மறைந்தார். ஒரு புறத்தில் உரோமானியச் சிதைவு என்னும் இடிந்த கட்டடம் ஒன்று உள்ளது. பழங்காலத்துச் சின்னம் என்று எண்ணிவிட வேண்டா. 1778ஆம் ஆண்டில் இடிந்தது போலவே புதிதாகக் கட்டியது! பாழடைந்த வீட்டைச் செப்பனிடப் பணமின்றித் தவிப்போர் உள்ள உலகில், பணம் செலவிட்டுப் பாழைக் கட்டுவது விந்தைதான். அக்கால நாகரிகம் அப்படி.

குன்றின் உச்சியில், தூண்களும் வளைவுகளுமாய் வான்நோக்கி நிற்பது குளோரியட் என்னும் மண்டபம். ஹோகன்பர்க் என்னும் கலைஞர் 1775ஆம் ஆண்டில் அதனைக் கட்டி முடித்தார். பழைய மாளிகை ஒன்றைப் பிரித்தெடுத்த கற்களும் தூண்களும் அதற்குப் பயன்பட்டன. போருக்குப்பின் வந்த அமைதியைப் போற்றும் நினைவுச் சின்னம் அது. அதன் மேல்தளத்தில் நின்றால் அரண்மனையும் அதற்கப்பால் வியன்னா நகரமும் ஒருங்கே காட்சி தரும்.

ஆயினும் 1775ஆம் ஆண்டு என்றதும் வரலாறு கற்றோர்க்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அப்பேரரசின் ஒரு பகுதியான பொகீமியாவில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொடும்பஞ்சம் வந்து ஏராளமானோர் மாண்டனர். அந்நாட்டு உழவர்கள் தத்தம் நிலப்பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர்கள். ரோபோட் என்பது அக்கட்டாய உழைப்பின் பெயர். இன்று எந்திர மனிதனைக் குறிக்கும் சொல்லும் அதன் வழிவந்ததே. குன்றின்மேல் குளோரியட் நிறைவுற்ற அவ்வாண்டில், பொகீமிய உழவர்கள் பொறுமையிழந்து கிளர்ந்தெழுந்து பிராக் நகரை நோக்கி நடந்தனர். படையைக் கொண்டு அவர்களை அடக்கினர். ஆயினும் அவர்களின் குரல் வீண்போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கட்டாய உழைப்பு வாரத்திற்கு மூன்று நாட்களுக்கு மேற்படலாகாது என்று பேரரசியார் ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கம் முற்றாக ஒழிய 1848ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆணையே நம் கருத்தில் இவ்வரண்மனையின் எந்தச் சிலையினும் மேலானது. 1774ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மரியா தெரேசா பொதுக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பெல்பிகர் என்னும் கல்வியாளர் வகுத்தளித்த அச்சட்டம், ஆணாயினும் பெண்ணாயினும் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றது. எல்லாரும் அதனை வரவேற்றனர் என்று எண்ண வேண்டா. உழவர் பலர் எதிர்த்தனர். பிள்ளையின் கையும் வேலைக்கு வேண்டியிருந்த வறிய குடும்பங்கள் அவை. பள்ளிக்கு அனுப்பினால் மாடு மேய்ப்பது யார், கதிர் பொறுக்குவது யார் என்று கேட்டனர். அக்கேள்வியை நம் பாட்டனார் காலத்துத் தோட்டங்களிலும் கேட்டிருக்கிறோம். பால் வாளி சுமக்கவும் விதை பொறுக்கவும் சின்னக் கைகள் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே, வேலைக்கு உதவக்கூடிய பெரிய பிள்ளைகள் குளிர்காலத்திலும், சிறு பிள்ளைகள் கோடையிலும் நாட்டுப்புறப் பள்ளிகளில் பயில அச்சட்டம் இடமளித்தது. பல மொழியினர் வாழ்ந்த பேரரசாதலின், தொடக்கப் பள்ளிகளில் அவ்வவ்விடத்து மக்களின் மொழியிலேயே எழுத்தறிவித்தல் நிகழ்ந்தது. பல மொழிகளில் அரிச்சுவடிகளும் அச்சாயின.

இதனால் அவரைக் குறையற்ற அரசியென்று கூறிவிட முடியாது. 1744ஆம் ஆண்டு இறுதியில், யூதர் என்ற ஒரே காரணத்திற்காகப் பிராக் நகரத்து யூத மக்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டவரும் அவரே. ஏழைக் குழந்தைகளுக்குப் பரிமாறிய கையே அவ்வாணையிலும் ஒப்பமிட்டது.

பூங்காவின் மேற்குப் பகுதியில் விலங்கினக் காட்சிச்சாலை உள்ளது. பேரரசியாரின் கணவர் பிரான்சிஸ் 1752ஆம் ஆண்டில் அமைத்தது. இன்றும் இயங்கிவரும் விலங்கினக் காட்சிச்சாலைகளுள் உலகிலேயே மூத்தது அதுவே. நடுவில் ஒரு மண்டபம். அதனைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் பிரியும் கொட்டில்கள். அரச குடும்பத்தார் மண்டபத்தில் அமர்ந்து காலையுணவு உண்டவாறே விலங்குகளைக் கண்டுகளிப்பர். 1828ஆம் ஆண்டில் எகிப்து ஆளுநர் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி வந்தபோது வியன்னா நகரமே அதனைக் காணத் திரண்டது. 2007ஆம் ஆண்டில் இங்குப் பாண்டாக் கரடிக் குட்டி ஒன்று பிறந்தது. இயற்கை முறையில் கருவுற்று ஐரோப்பாவில் பிறந்த முதல் பாண்டா அது.

விலங்குச்சாலைக்கு அருகில் பனைமரக் கூடம் நிற்கிறது. இரும்பும் கண்ணாடியும் கொண்டு 1882ஆம் ஆண்டில் எழுப்பியது. நீளம் நூறு மீட்டருக்கும் மேல். உள்ளே குளிர்ப்பகுதி, மிதவெப்பப் பகுதி, வெப்பமண்டலப் பகுதி என மூன்று பிரிவுகள். இரண்டாம் உலகப் போரில், 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் குண்டு விழுந்து அதன் கண்ணாடிகள் நொறுங்கின. குளிர் உட்புகுந்து பெரும்பாலான செடிகள் மடிந்தன. 1953ஆம் ஆண்டில் மீண்டும் திறந்த பின்னரும் இரும்பு பழுதுபட்டு மூட நேர்ந்தது. முழுதும் செப்பனிட்டு 1990ஆம் ஆண்டில் திறந்தனர்.

மரியா தெரேசாவுக்குப் பிந்திய செய்திகள் பல. நெப்போலியன் வியன்னாவைக் கைப்பற்றிய 1805, 1809ஆம் ஆண்டுகளில் இவ்வரண்மனையிலேயே தங்கினார். அவருடைய சட்டப்படியான ஒரே மகன் தாய்வழிப் பாட்டனாரின் பாதுகாப்பில் இங்கு வளர்ந்து, காசநோயால் 1832ஆம் ஆண்டில் இருபத்தொரு வயதில் இறந்தான். தோழனின்றி வாழ்ந்த அவன் வளர்த்த வானம்பாடியைப் பாடம் செய்து அவ்வறையிலேயே இன்றும் வைத்துள்ளனர். பேரரசர் பிரான்சிஸ் ஜோசப் 1830ஆம் ஆண்டில் இங்குப் பிறந்து, அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆண்டு, 1916ஆம் ஆண்டில் இங்கேயே இறந்தார். நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கே எழும் அவர் படுத்திருந்தது எளிய இரும்புக் கட்டில். 1,441 அறைகளுக்கு உரியவரின் படுக்கை அது!

முதலாம் உலகப் போரில் அப்பேரரசு தோற்றது. 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் கடைசிப் பேரரசர் சார்லஸ் இங்குள்ள நீலச் சீன அறையில் அரசாட்சியைக் கைவிடும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். அரண்மனை குடியரசின் சொத்தாயிற்று. போரினால் நாடெங்கும் பசி. அவ்வேளையில் பிள்ளைகளின் நலனுக்காகப் பாடுபட்ட தொழிலாளர் அமைப்பொன்றுக்கு அரண்மனையின் ஒரு பகுதி கிடைத்தது. 1919ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தங்கும் விடுதியும், பிள்ளைகளைப் பேணிக் கற்பிப்போருக்கான பயிற்சிப் பள்ளியும் அங்கு நடந்தன. முன்பு விறகு சுமந்தோர் சுவருக்குப் பின்னால் நடந்த மாளிகையில், உழைப்பாளியின் பிள்ளை முன்வாசல் வழியே ஓடி விளையாடிற்று.

1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பேரவைக் கூடத்தின் மேற்கூரை ஓவியங்களுள் ஒன்றும் குளோரியட்டின் ஒரு பகுதியும் அழிந்தன. சில ஆண்டுகளிலேயே இரண்டையும் மீட்டெடுத்தனர். 1996ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோ அமைப்பு அரண்மனையையும் பூங்காவையும் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. இன்னொரு செய்தி பலர் அறியாதது. பார்வையாளர் காணாத அறைகள் பலவற்றில் வாடகைக்குக் குடியிருப்போர் உள்ளனர். முகவரி கேட்டால் அரண்மனை என்று சொல்லக்கூடிய சாதாரணக் குடும்பங்கள் அவை.

காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். வியன்னாவின் நகர இரயிலில் யு நான்காம் தடத்தில் சென்றால் ஷோன்புருன் என்னும் நிலையத்திலேயே இறங்கலாம். அரண்மனைக்கும் விலங்குச்சாலைக்கும் பனைமரக் கூடத்திற்கும் கட்டணம் உண்டு. பிள்ளைகள் விரும்பும் பசுஞ்செடிப் புதிர்ப்பாதைக்கும் கட்டணம் உண்டு. பழங்காலத்துப் பாதை அழிந்தபின் 1999ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தது அது. பெரும்பூங்காவுக்கோ கட்டணமே இல்லை. 1779ஆம் ஆண்டளவில், மரியா தெரேசா உயிரோடிருந்த காலத்திலேயே அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறந்தது. அன்று முதல் வியன்னா மக்கள் அதைத் தம் பூங்காவாகவே கொண்டுள்ளனர். விடிந்ததும் முதியோர் அங்கு உலவுவதையும் இளைஞர் ஓடுவதையும் காணலாம்.

நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை பலகாலம் அவ்வூரின் பனிக்காலத்தோடு ஒத்து வந்துள்ளது. அக்காலத்தில் சென்றால் மலர்ப்பாத்திகள் வெறும் மண்ணாய்க் கிடக்கும், நீரூற்றுகளும் ஓடா. மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். பனிக்காலத்தில்தான் போக நேர்ந்ததென்றால், கைகால் விறைக்கும்போது பனைமரக் கூடத்தின் வெப்பமண்டலப் பகுதிக்குள் நுழைந்து விடலாம். கண்ணாடிக்கு வெளியே வெண்பனி கொட்டும். உள்ளே நம்மூர் புழுக்கமும், நாம் வேலியோரத்தில் பார்த்துப் பழகியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடிகளும், பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நம்மை வரவேற்கும்.